மார்ஃபின் பயம் போகாமல் வலி போகாது: புற்றுநோய் வலி நிவாரணத்தில் நர்ஸ்களைப் பயிற்றுவிக்க ஒரு முழு வழிகாட்டி

புற்றுநோய் வார்டில் டாக்டர் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்பது ரவுண்ட்ஸின்போது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் அங்கே இருப்பவர் நர்ஸ். ராத்திரி 2 மணிக்கு வலி தாங்காமல் ஒருவர் கூப்பிடுவதும் 'சிஸ்டர்' என்றுதான். அப்போது அவர் என்ன கேட்கிறார், கேஸ் ஷீட்டில் என்ன எழுதுகிறார், யாருக்குப் போன் செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ராத்திரி கழியும்.

கடும் நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர், தேவைப்படுபவர்களில் உலக அளவில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை விலை உயர்ந்த மருந்தல்ல. கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு, கொடுக்கத் துணிந்தவர்கள் அதைவிடக் குறைவு. நர்ஸிங் கல்லூரி ஆசிரியர்கள், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கள், வீட்டுப் பராமரிப்புக் குழு நடத்தும் அறக்கட்டளைகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சேவையும் வீட்டுக்கே போகிறது. ஆகவே இந்தப் பயிற்சி இனி புற்றுநோய் மருத்துவமனை நர்ஸுக்கு மட்டும் உரியதல்ல.

படி 1: வகுப்பு தொடங்கும் முன் மருந்து அலமாரியைப் பாருங்கள்

பயிற்சி முடித்துத் திரும்பும் நர்ஸின் வார்டில் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். மருந்தே இல்லாத இடத்துக்கு மருந்துப் பயிற்சி தருவது, கற்றுக்கொண்டவரைச் சோர்வடையச் செய்வதோடு முடியும்.

இந்தியாவில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. தண்டனைப் பயத்தில் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் ஒதுங்கிக்கொண்டன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற தகுதி பெற்றால் போதும். பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனைக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு வகுப்புத் தேதியைக் குறியுங்கள்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு வார்டிலிருந்து ஒரே ஒருவரை அனுப்பாதீர்கள். அவர் திரும்பிப் போய்ச் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் வேறு வார்டுக்கு மாற்றியும் விடுவார்கள். இரண்டு நர்ஸ்கள், அவர்களின் இன்சார்ஜ் சிஸ்டர், முடிந்தால் அந்த யூனிட்டின் இளம் டாக்டர் ஒருவர் என்று சேர்த்தே அழையுங்கள். ஒரு வகுப்புக்கு 15 முதல் 20 பேர் போதும். அதற்கு மேல் போனால் அது சொற்பொழிவாகிவிடும்.

படி 2: சிரிக்கும் நோயாளி, முகம் சுளிக்கும் நோயாளி

முதல் நாள் காலையில் பாடம் எடுக்காதீர்கள். ஒரு கேள்வித்தாள் கொடுங்கள். நர்ஸ்களின் வலி அறிவையும் மனப்போக்கையும் அளக்க பெட்டி ஃபெரல், மார்கோ மெக்காஃபரி என்ற இரு அமெரிக்க நர்ஸ்கள் 1987-ல் உருவாக்கிய கேள்வித்தொகுப்பு இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் வரும் ஒரு ஜோடிக் கேள்வியை நம் ஊருக்கு ஏற்ப இப்படி மாற்றிக் கேட்கலாம்:

இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே அறுவை சிகிச்சை, ஒரே நாடித்துடிப்பு, ஒரே ரத்த அழுத்தம். முதலாமவர் பக்கத்துக் கட்டில்காரரோடு அரசியல் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாமவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறார். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் இருவரும் 'எட்டு' என்கிறார்கள். சார்ட்டில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

சரியான விடை இருவருக்கும் எட்டு. ஆனால் சிரிப்பவருக்கு நாலு, ஐந்து என்று எழுதும் கைகள் எந்த வகுப்பிலும் இருக்கும். தாள்களைத் திருத்தித் தராமல் கலந்துபேச விடுங்கள். 'சிரிக்கிறாரே சிஸ்டர், எட்டுன்னா சிரிக்க முடியுமா?' என்று ஒருவர் கேட்பார். மாதக்கணக்கில் வலியோடு வாழ்பவருக்கு அலறிக் காட்டத் தெம்பு இருக்காது. பேச்சும் சிரிப்பும் வலியை மறக்க அவர் கண்டுபிடித்த வழியாகவும் இருக்கலாம். நோயாளி எவ்வளவு என்கிறாரோ அவ்வளவுதான் வலி என்று மெக்காஃபரி 1968-லேயே எழுதிவிட்டார். அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட இந்த ஒரு கேள்வி அதிகம் வேலை செய்யும்.

இதே தாளைப் பயிற்சி முடிந்ததும், மூன்று மாதம் கழித்தும் மறுபடி கொடுக்க வேண்டும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பயத்தை மேசைமேல் வையுங்கள்

ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, மார்ஃபின் என்றதும் மனதில் வருவதைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். 'அடிமையாகிடுவாங்க', 'மூச்சு நின்னுடும்', 'கடைசி நேரத்துல குடுக்கறது', 'கணக்கு தப்பினா போலீஸ் வரும்', 'நான் குடுத்த டோஸ்ல இறந்துட்டா?' ஏறக்குறைய இவைதான் வரும். ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுங்கள், அவசரப்படாதீர்கள். அரை நாள் இதற்கே போனாலும் பரவாயில்லை. இந்தப் பயங்கள் உள்ளே இருக்கும்வரை, அடுத்துச் சொல்லும் டோஸ் கணக்கெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடும்.

மூன்று விஷயங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். தொடர்ந்து மார்ஃபின் எடுப்பவர் திடீரென நிறுத்தினால் வியர்வை, பதற்றம், வயிற்றுப்போக்கு வரும். இது உடல் பழகியதால் வருவது, படிப்படியாகக் குறைத்தால் வராது. அதே டோஸின் பலன் நாளடைவில் குறையலாம். இது மருந்துத் தாங்குதிறன் (டாலரன்ஸ்). மூன்றாவது, தீங்கு தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவது. அடிமைத்தனம் என்பது இதுதான். முறையான கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களிடம் இது அரிது. முன்பு குடிப்பழக்கம், போதைப் பழக்கம் இருந்தவரிடம் கூடுதல் கவனம் தேவை. அவருக்கும் வலி மருந்தை மறுப்பது தீர்வல்ல.

டோஸ் கூட்டச் சொல்லிக் கேட்கும் நோயாளியிடம் 'பழகிடுச்சு போல' என்று சொல்வதற்கு முன், நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

மூச்சு நின்றுவிடும் என்ற பயத்துக்கு வெறும் ஆறுதல் போதாது. நடைமுறை அறிவுதான் மருந்து. டோஸை அளவறிந்து ஏற்றினால் மூச்சு குறைவதற்கு முன்னால் அளவுமீறிய தூக்கம் வரும். ஆகவே நர்ஸ் முதலில் கவனிக்க வேண்டியது தூக்கத்தின் ஆழத்தை: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறாரா? தட்டி எழுப்பினாலும் விழிக்கவில்லை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, கண்மணி ஊசிமுனை அளவு என்றால் அடுத்த டோஸை நிறுத்திவிட்டு உடனே டாக்டரை அழைக்க வேண்டும். மார்ஃபினின் வேலையை முறிக்கும் நலாக்சோன் ஊசியைக் கொடுக்கச் சொன்னால், 400 மைக்ரோகிராம் ஆம்ப்யூலை 10 மி.லி. சலைனில் கலந்து, அரை மி.லி. வீதம் இரண்டு நிமிட இடைவெளியில், மூச்சு சீராகும்வரை கொடுப்பது பாலியேட்டிவ் முறை. முழு ஆம்ப்யூலையும் ஒரே தள்ளில் செலுத்தினால் அடக்கி வைத்த வலியெல்லாம் மொத்தமாகத் திரும்பி வரும். இதை ஒவ்வொருவரையும் கையால் கலந்து காட்டச் சொல்லுங்கள்.

படி 4: வலியைக் கேட்கும் கலை

முழுப் பயிற்சியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பூஜ்யம் முதல் பத்து வரை அளவுகோல் படித்தவர்களிடம் சரியாக வேலை செய்யும். ஊர்ப்பக்கத்துப் பாட்டியிடம் 'பத்துக்கு எத்தனைம்மா?' என்றால் 'நெறைய இருக்கு தாயி' என்பார். அவரிடம் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி, முழுசா என்று கேட்டுப் பாருங்கள், தயங்காமல் சொல்வார். மருந்துக்கு அப்புறம் 'எவ்வளவு வாசி குறைஞ்சிருக்கு?' என்றும் கேட்கலாம். மூன்று வயது தாண்டிய குழந்தைகளுக்கு முகப் படங்கள் உள்ள அளவுகோல் இருக்கிறது. அதைவிடச் சின்னக் குழந்தைகளிடம் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடலாம்.

எண்ணோடு நின்றுவிடக் கூடாது. வலியின் தன்மையை நோயாளி தன் வாயாலேயே சொல்லிவிடுவார், கேட்கும் காது வேண்டும். எலும்பில் நோய் பரவியவர் பெரும்பாலும் 'குடையுது' என்பார், அசைந்தால் கூடும். 'எரியுது', 'கரண்ட் அடிச்ச மாதிரி சுளீர்னு ஓடுது', 'மரத்துப்போய் சுருக் சுருக்னு குத்துது' என்றால் நரம்பு வலியை நினைக்க வேண்டும். அங்கே மார்ஃபின் மட்டும் போதாமல் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை தேவைப்படலாம். 'முறுக்கிப் பிடிச்சு விடுது' என்றால் குடல். நர்ஸ் கேஸ் ஷீட்டில் 'வலி உள்ளது' என்று எழுதாமல் நோயாளியின் சொல்லையே மேற்கோளில் எழுதினால், டாக்டருக்குப் பாதி நோயறிதல் அங்கேயே கிடைத்துவிடும். ஆளுக்கு மூன்று நோயாளிகளைக் கொடுத்து, வலியைப் பற்றி அவர்கள் சொன்ன வார்த்தைகளை மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள். வகுப்பில் அதைப் படித்து, எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் மனப்பாடமாக ஆக்கிவிடுங்கள்: புற்றுநோயாளிக்குப் புதிய முதுகுவலி, கூடவே கால் தள்ளாட்டம், சிறுநீர் வரத் தடை இருந்தால் அது தண்டுவடம் அழுத்தப்படுவதாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும். நாளை ரவுண்ட்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் கால் போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அப்புறம்தான் டாக்டர். உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் நாலும் சேர்ந்ததுதான் முழு வலி என்று அவர் சொன்னதில் அந்த மூன்று வேலைகளின் அனுபவமும் இருக்கிறது. டோஸ் ஏற ஏற வலி குறையவே இல்லையென்றால், வட்டிக்கு வாங்கிய கடனா, கல்யாணம் ஆகாத மகளா, 'நான் என்ன பாவம் செஞ்சேன்' என்ற கேள்வியா என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். நின்றுகொண்டு கேட்டால் பதில் வராது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதையே ஒரு பயிற்சியாக வையுங்கள்.

படி 5: மருந்துக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட மூன்று படி ஏணியில் தொடங்கலாம்: பாராசிட்டமால் வகை, அடுத்து டிரமடால், கோடீன் போன்ற மிதமான மருந்துகள், மூன்றாவதாக வலுவான மார்ஃபின். 2018-ன் புதிய வழிகாட்டுதல் இதைக் கண்டிப்பான வரிசையாகப் பார்க்காமல் பொதுவான ஒரு துணையாகவே வைக்கிறது. எட்டு, ஒன்பது என்று துடிப்பவரை முதல் படியிலிருந்து ஏறச் சொல்ல வேண்டியதில்லை.

ஏணியைவிட முக்கியம் கடிகாரம். நம் வார்டுகளின் பெரிய நோய் 'வலி இருந்தால் எஸ்.ஓ.எஸ்.', அதாவது தேவைப்பட்டால் மட்டும் கொடு, என்ற ஆர்டர். நோயாளி கேட்கத் தயங்குவார், நர்ஸ் வேறு வேலையில் இருப்பார், மருந்து வருவதற்குள் வலி உச்சத்துக்குப் போயிருக்கும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை நாலு மணி நேரம். ஆகவே காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். தூக்கம் கலையாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரட்டை டோஸ் கொடுத்து 2 மணி டோஸை விட்டுவிடுவது வழக்கம். இடையில் வலி முட்டினால் கொடுக்க, நாள் மொத்தத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

கணக்கைப் பலகையில் போடுங்கள். ஒருவருக்கு நாலு மணிக்கு ஒருமுறை 10 மி.கி. என்றால் நாளுக்கு 60. நேற்று இடைவலிக்காக நாலு முறை 10 மி.கி. வாங்கியிருக்கிறார், ஆக மொத்தம் 100. ஆறால் வகுத்தால் 16 சொச்சம். மாத்திரை அளவுக்கு ஏற்ப வேளைக்கு 15 மி.கி. என்று டாக்டர் மாற்றக்கூடும். இடைவலி டோஸும் அதற்கேற்ப ஏறும். முடிவு டாக்டருடையது. ஆனால் 'நேத்து நாலு முறை எக்ஸ்ட்ரா வாங்கினார் டாக்டர், மொத்தம் நூறு ஆச்சு' என்று ரவுண்ட்ஸில் சொல்லும் நர்ஸ் இல்லாவிட்டால் அந்த முடிவு அன்று நடக்காது. உகாண்டாவில் பாலியேட்டிவ் பயிற்சி பெற்ற நர்ஸ்களே மார்ஃபின் எழுதிக்கொடுக்க 2004 முதல் சட்டம் அனுமதிக்கிறது. நம் நாட்டில் அந்த வழி இல்லை. ஆகவே டாக்டரிடம் இரண்டே வாக்கியத்தில், எண்ணோடு பேசும் திறமையைத் தனியாகப் பழக்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்ஃபின் எழுதிய சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் நர்ஸ் கேட்டே ஆக வேண்டும். வாந்தியும் மயக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு உடலில் தங்கும். தசைத் துடிப்பு, குழப்பம் தெரிந்தால் சொல்ல வேண்டும். பெதிடின் என்ற வலி ஊசி நாள்பட்ட வலிக்கு உகந்ததல்ல. தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்து ஒட்டு 72 மணி நேரத்துக்கு உரியது, ஒட்டியதுமே பலன் தெரியாது. அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உள்ளே இறங்கி ஆபத்தாகும். வீட்டில் பாட்டிமார்கள் முதலில் செய்வது அதைத்தான் என்பதால் கூட இருப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பதிவேடு பற்றி ஒரு மணி நேரம் போதும்: பூட்டிய அலமாரி, ஷிஃப்ட் மாறும்போது இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து, உடைந்த மாத்திரைக்கும் சாட்சியோடு ஒரு வரி. இதைச் சரியாகச் செய்தால் போலீஸ் பயம் தானாகக் குறையும்.

படி 6: புண், வாய், நாற்றம்

வாய்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் நம்மிடம் அதிகம். வெளியே வெடித்த புண்களும் அதிகம். நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வராமல் போவது வலியைவிடக் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினால் பல நேரங்களில் சில நாட்களிலேயே நாற்றம் அடங்கும். செலவு மிகக் குறைவு. கட்டுப் பிரிக்கும் முன் சலைனில் நன்றாக நனைப்பது, அரை மணி நேரத்துக்கு முன்பே இடைவலி டோஸைக் கொடுத்துவிடுவது, புழு வைத்திருந்தால் டர்பன்டைன் நனைத்த துணியைக் காட்டி வெளியே வரவழைத்து எடுப்பது ஆகியவற்றைப் படத்தில் காட்டாமல் நோயாளியின் கட்டிலருகே, அவர் சம்மதத்தோடு கற்றுக்கொடுங்கள். முகத்தில் அருவருப்பு தெரியாமல் இருக்கவும் பழக வேண்டும். மூக்கைப் பொத்தும் ஒரு கை, அந்த நோயாளியை ஒரு வாரம் பேசவிடாமல் செய்துவிடும்.

படி 7: 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க'

நம் ஊரில் பேச்சுப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை. மகன் வார்டு வாசலில் நிறுத்திக் கேட்கிறார்: 'சிஸ்டர், அப்பாகிட்ட மட்டும் கேன்சர்னு சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்.' ஒருவர் மகனாகவும் ஒருவர் நர்ஸாகவும் நடிக்கட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும்.

'சரி, சொல்லல' என்பது எளிது, ஆனால் நாளைக்கு அப்பா நேராகக் கேட்டால் மாட்டிக்கொள்வோம். 'தெரிஞ்சுக்க அவருக்கு உரிமை இருக்கு' என்றால் மகன் முகம் மூடிக்கொள்வார். வேறு மாதிரிப் பழக்குங்கள்:

'அப்பா மேல எவ்வளவு பாசம் இருந்தா இப்படிக் கேப்பீங்கன்னு புரியுதுங்க. அவரு உங்ககிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டாரா?'

'போன வாரம் கேட்டாரு, எனக்கு என்னடா வியாதின்னு. அல்சர்னு சொன்னேன்.'

'நம்பினாரா?'

இந்த இடத்தில் மகன் பாத்திரத்தில் இருப்பவர் பெரும்பாலும் மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தைக் கலைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். பிறகு: 'அவரு கேக்காததை நானாப் போய் சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். நீங்களும் டாக்டரும் சேர்ந்து அவர்கிட்ட பேசலாமா, நான் கூட இருக்கேன்.'

இரண்டாவது காட்சி நோயாளியுடையது. 'இன்னும் எத்தனை நாளும்மா எனக்கு?' என்று கேட்கிறார். நர்ஸ் ஆயுளைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை; 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஐயா, சரியாகிடும்' என்று மூடவும் கூடாது. 'ஏன் ஐயா இன்னிக்கு இப்படிக் கேக்கறீங்க?' என்றால் போதும். நிலப் பத்திரம், ஊருக்குப் போக வேண்டிய ஆசை என்று உண்மையான விஷயம் வெளியே வரும்.

கடைசி நாட்களைப் பற்றியும் இதே வகுப்பில் பேசுங்கள். தொண்டையில் களகளவென்று சத்தம் வரும்போது உறவினர்கள் பதறுவார்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பது, சுரப்பைக் குறைக்கும் ஊசியை டாக்டரிடம் கேட்பது, 'இந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டமா இருக்கு, அவங்களுக்குப் பெரும்பாலும் தெரியறதில்ல' என்று குடும்பத்துக்கு விளக்குவது ஆகிய மூன்றும் நர்ஸின் வேலை.

படி 8: வகுப்பறையை விட்டு வெளியே

மூன்று நாள் வகுப்புக்குப் பின் இரண்டு வாரமாவது செயல்படும் ஒரு மையத்தில் இருக்க வேண்டும். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளா முழுக்கப் பரவியதில், வீடு வீடாகப் போகும் நர்ஸ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கும் திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா என்ற நோய் ஆதரவு அமைப்பிலும் நர்ஸ்களுக்கான சான்றிதழ் பயிற்சிகள் நடக்கின்றன. வீட்டுக்குப் போகும்போதுதான் வார்டில் தெரியாதவை தெரியும்: மாத்திரை டப்பா சாமி அலமாரியில் இருக்கும், கடிகாரம் நின்றிருக்கும், மருந்து கொடுப்பவர் எட்டாவது படிக்கும் பேத்தியாக இருப்பாள். அவளுக்குப் புரியும்படி சூரியனும் நிலாவும் வரைந்து மருந்து அட்டை எழுதச் சொல்லுங்கள். அது எழுத்துத் தேர்வைவிடக் கடினமானது.

படி 9: ஆறு மாதம் பின்தொடருங்கள்

சான்றிதழ் கொடுத்த அன்றோடு விட்டால் இரண்டே மாதத்தில் வார்டு பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். நாடித்துடிப்பு, காய்ச்சல் எழுதும் அதே சார்ட்டில் வலிக்கும் ஒரு வரி சேர்க்க நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். தனித் தாள் வைத்தால் தொலைந்துபோகும். மாதம் ஒருமுறை ஜூம் வழியாக ஆளுக்கொரு கேஸ் கொண்டுவந்து பேசட்டும். நோயாளியின் பெயரும் அடையாளமும் வேண்டாம்.

மாதக் கடைசியில் பத்து கேஸ் ஷீட்களை எடுத்து நாலு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் வலி எழுதப்பட்டிருக்கிறதா? ஐந்துக்கு மேல் இருந்தபோது ஏதாவது செய்யப்பட்டதா? செய்தபின் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டார்களா? மார்ஃபின் எடுப்பவர் எல்லோருக்கும் மலமிளக்கி இருக்கிறதா? பெரும்பாலும் ஓட்டை விழுவது மூன்றாவது கேள்வியில்தான்: மருந்து கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கும், குறைந்ததா என்பதற்கு எழுத்தே இருக்காது. அப்படி இருந்தால் அடுத்த மாத வகுப்பை அந்த ஒன்றுக்காகவே வையுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர் வரும் நாளாகப் பார்த்து.